நான்கு அறைகளை ஆன்லைனில் விற்பது எப்படி: கோத்தகிரியிலிருந்து சில குறிப்புகள்

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. எங்கள் கேட்டுக்கு வெளியே இரண்டு கார்கள் முன்னும் பின்னுமாக நின்றன. ஒன்று ஈரோட்டிலிருந்து வந்தது, இன்னொன்று பெங்களூரிலிருந்து. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஓர் அறை. ஈரோட்டுக்காரர் காலையிலேயே போனில் பேசி, சமையலறை அலமாரியில் இருக்கும் நீள நோட்டில் அவர் பெயரை நான் எழுதியும் ஆயிற்று. பெங்களூர்க்காரர் மாலை நாலு மணிக்கு புக்கிங் தளத்தில் முழுப் பணமும் கட்டி அதே அறையை வாங்கியிருக்கிறார். அலமாரியில் இருக்கும் நோட்டு தளத்துக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ஈரோட்டுக் குடும்பத்துக்கு எங்கள் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். கோத்தகிரி குளிரில் தரையில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன தண்டனை என்று.

அப்பா கட்டிய வீடு இது. கொடநாடு போகும் சாலையில், தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது. நான்கு அறைகளை விடுதியாக நடத்துகிறோம். ஒரு நாள் வாடகை 2,800 ரூபாய். இணையத்தில் விற்க ஆரம்பிக்கும் என்னைப் போன்ற சின்ன இடத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாற்பது அறை ஓட்டல்காரர்களுக்கு இதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

முதலில் காலண்டர்

வெப்சைட் வேண்டுமா, இன்ஸ்டாகிராம் வேண்டுமா என்று எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. எந்த அறை எந்தத் தேதியில் காலி என்பது ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். மற்ற எல்லாமே அதன் நகல்தான். என்னிடம் அந்த ஓர் இடம் போனில் இருக்கும் காலண்டர். நோட்டு இப்போது நகல்.

இரண்டு தளங்களில் அறை போட்டிருந்தால், ஒன்றின் காலண்டரை இன்னொன்றோடு ஒரு இணைப்பு மூலம் கோத்துவிடலாம். இலவசம்தான். அன்று ஹாலில் படுத்தபிறகு நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த இணைப்பு உடனுக்குடன் வேலை செய்யாது, சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு அது போதும். சீசனில் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் ஒரே அறையைக் கேட்பார்கள், அப்போது போதாது. உடனுக்குடன் எல்லாத் தளத்தையும் மூட, திறக்க, சேனல் மேனேஜர் என்ற மென்பொருள் இருக்கிறது. அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பத்து அறைக்கு மேல் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். நான்கு அறைக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அதற்குப் பதில் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது போனில் அறை கேட்டால், "இருங்க, பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு, முதலில் தளங்களில் அந்தத் தேதியை மூடுவேன். மூடிய பிறகுதான் திரும்பக் கூப்பிட்டுச் சரி என்று சொல்வேன். ஒரு நிமிட வேலை இது. இரண்டாவது, ஏப்ரல், மே மாதங்களில் மூன்று அறைகளைத்தான் தளங்களில் போடுவேன். நான்காவது அறை நேரடியாகக் கேட்பவர்களுக்கு. தளத்தில் தவறுதலாக ஒன்று கூடுதலாக விற்றுவிட்டால்கூட அந்த அறை காப்பாற்றிவிடும்.

மேப்பில் வீடு எங்கே இருக்கிறது?

கூகுள் மேப்பில் எங்கள் வீட்டுக்கான புள்ளி முதல் ஏழெட்டு மாதம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவில் கிடந்தது. விருந்தினர்கள் கொழுந்து பறிக்கிறவர்களிடம் போய் வழி கேட்டிருக்கிறார்கள். நான்தான் பதிவு செய்யும்போது போனில் புள்ளி வைத்த இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

கூகுளில் தொழில் பக்கம் திறப்பது இலவசம். உங்கள் இடம்தான் என்று உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். சாலை, பெயர்ப் பலகை, நீங்கள் சாவி போட்டுக் கதவைத் திறப்பது, இதெல்லாம் வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். மழை விட்ட காலை நேரத்தில் எடுங்கள். மூடுபனியில் எடுத்த என் முதல் வீடியோவில் பலகையே தெரியவில்லை, நிராகரித்துவிட்டார்கள்.

படங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கருத்து உண்டு. காட்சி முனைப் படங்களைப் போடாதீர்கள். கொடநாடு காட்சி முனையும் கேத்தரின் அருவியும் இணையத்தில் ஏற்கனவே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. குளியலறையைப் போடுங்கள். கீசரைப் போடுங்கள். கார் நிற்கும் இடத்தையும், வாசலில் எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் போடுங்கள். எங்களிடம் வரும் கேள்விகளில் முதல் கேள்வி "வெந்நீர் வருமா?", இரண்டாவது "அம்மாவுக்கு முட்டி வலி, படி அதிகமா?" இந்த இரண்டுக்கும் படத்திலேயே பதில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

தளத்தில் விற்றால் கைக்கு எவ்வளவு வரும்

2,800 ரூபாய் அறை தளத்தில் விற்றால் எனக்கு எவ்வளவு வரும் என்று முதல் வருடம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதே இல்லை. கமிஷன் தளத்துக்குத் தளம் மாறும். 15 முதல் 25 சதவீதம் வரை கேட்கிறார்கள். எனக்கு 18. அப்படியானால் 504 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 90 ரூபாய் 72 காசு. கைக்கு வருவது 2,205 ரூபாய் சொச்சம். இதில் துணி வெளுப்பு, மின்சாரம், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் போக வேண்டும். ஆகவே விலையைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: கைக்கு எவ்வளவு வந்தால் கட்டுப்படியாகும் என்று முடிவு செய்து, அதன் மேல் கமிஷனை ஏற்றுங்கள்.

வரி விஷயத்தில் சின்ன இடங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நமக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அப்படிப் பதிவில்லாத இடத்தின் அறையைத் தளம் விற்கும்போது, அறைக்கான ஜிஎஸ்டியை விருந்தினரிடம் வாங்கிக் கட்டுவது தளத்தின் பொறுப்பு. 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆகவே தளத்தில் என் அறையைப் பார்ப்பவருக்கு 2,940 என்று தெரியும். என்னிடம் நேரே கேட்டால் 2,800. "ஏன் அங்கே கூடக் காட்டுது?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நான் பதிவு செய்யாதவள், வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது.

இதோடு தளம் வெட்டும் வருமான வரிப் பிடித்தம், 0.1 சதவீதம். 2024 அக்டோபருக்கு முன் 1 சதவீதமாக இருந்தது. தனிநபர் பெயரில் நடத்தி, ஒரு தளத்தின் வழியாக வருடத்துக்கு 5 லட்சத்துக்குள் விற்று, பான் எண்ணும் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. பான் எண்ணைத் தளத்தில் சரியாக ஏற்றியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். ஏற்றாவிட்டால் 5 சதவீதம் வெட்டிவிடுவார்கள்.

தளத்தில் போட்ட விலையைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். இப்படிப்பட்ட நிபந்தனைகளும் சேர்ந்த ஒரு வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இரண்டு நிறுவனங்களுக்கு மொத்தம் 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நமக்கு வழக்கெல்லாம் எதற்கு? நான் விலையைக் குறைப்பதில்லை. நேரடியாக வருபவர்களுக்குக் காலை உணவும், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜீப்பும் சேர்த்துவிடுவேன்.

தளங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோத்தகிரி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாதவரை என் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள், அதற்கு 504 ரூபாய் தரலாம். அதே ஆளுக்காக இரண்டாம் முறையும் தரத்தான் எனக்கு மனமில்லை. அந்த ஈரோட்டுக் குடும்பம் வருடா வருடம் வருகிறது. இப்போது வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள்: "அக்கா, இந்தத் தடவை உங்க ரூம் வேண்டாம், எங்க ரூமே போதும்."

வாட்ஸ்அப்பில் ஒரு விற்பனை

நேரடி விற்பனைக்கு நான் வைத்திருப்பது வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு க்யூஆர் அட்டை, ஒரு பேமெண்ட் லிங்க். அவ்வளவுதான். சொந்த வெப்சைட்டுக்கு ஒருமுறை செலவு செய்தேன். அதில் வந்து நேராகப் பணம் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். எல்லோரும் வெப்சைட்டில் நம்பரை எடுத்து வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் என்று ஒரு பகுதி இருக்கிறது. நான்கு அறையையும் நான்கு பொருளாக, படம், விலை, எத்தனை பேர் தங்கலாம் என்று போட்டு வைத்துவிடுங்கள். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்தும் வைக்கலாம். ஒரு சாய்கோடு போட்டால் பட்டியல் வரும். நான் சேமித்து வைத்திருக்கும் முக்கியமான பதில் இது:

"வணக்கம் சார். மே 16 வெள்ளி மதியம் 1 மணி முதல் மே 18 ஞாயிறு காலை 11 மணி வரை. தோட்டம் பார்த்த அறை, பெரியவர் 2, குழந்தை 1. இரண்டு இரவுக்கு 5,600 ரூபாய், காலை உணவு சேர்த்து. அட்வான்ஸ் 2,000, மீதி இங்கே வந்தபிறகு. இன்று இரவு 9 மணி வரை உங்களுக்காக அறையைப் பிடித்து வைத்திருக்கிறேன். 7 நாளுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு என்றால் வேறு தேதிக்கு மாற்றித் தருவேன். சாலை மூடினால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணமும் திரும்ப வரும்."

தேதியோடு கிழமையையும் எழுதுவது வேண்டுமென்றே செய்வது. "அடுத்த வெள்ளி" என்பதை நான் ஒரு வெள்ளியாகவும் அவர் இன்னொரு வெள்ளியாகவும் நினைத்து ஒருமுறை பட்டாயிற்று. ஒன்பது மணிக் கெடு இல்லாவிட்டால் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனவருக்காக மூன்று நாள் அறை காலியாகக் கிடக்கும். சாலை பற்றிய வரி எங்கள் பக்கத்துக்கு அவசியம். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் சாலை எந்த நேரத்தில் மூடும் என்று யாரும் சொல்ல முடியாது.

பணம் வாங்க முதல் வழி யூபிஐ. சொந்த நம்பரில் வாங்காமல், வங்கியில் தொழில் கணக்குக்கென்று க்யூஆர் வாங்குங்கள். பணம் போடும்போது அவர் திரையில் விடுதியின் பெயர் வர வேண்டும். முன்பு என் வீட்டுக்காரர் பெயர் வரும், "இது யாரு மேடம்?" என்று கேட்டு பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். யூபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து வியாபாரியிடம் கட்டணம் இல்லை. கார்டில்தான் கட்டுவேன் என்பவர்களுக்கு பேமெண்ட் லிங்க். 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். 2,000 அட்வான்ஸுக்கு 47 ரூபாய் 20 காசு. பணம் கணக்குக்கு வர இரண்டு மூன்று வேலை நாளாகும். கார்டு நம்பரை போனில் சொல்லச் சொல்லியோ படம் எடுத்து அனுப்பச் சொல்லியோ வாங்காதீர்கள். 2022 அக்டோபரிலிருந்து கார்டு நம்பரை வியாபாரிகள் சேமித்து வைக்கவே கூடாது.

ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை

கொஞ்ச நாளுக்கு முன் ஒருவர் கூப்பிட்டார். இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு வந்தார். வெலிங்டன் ராணுவ முகாமில் அதிகாரியாம், கூட வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு மூன்று அறை, நான்கு நாள் வேண்டுமாம். வெலிங்டன் எங்களுக்குப் பக்கம்தானே, சந்தேகப்படத் தோன்றவில்லை. அடையாள அட்டைப் படமும் அனுப்பினார், சீருடையில். 33,600 ரூபாய் என்றேன், உடனே சரி என்றார். ராணுவக் கணக்குப் பிரிவின் முறை வேறு மாதிரியாம். நான் முதலில் ஒரு ரூபாய் அனுப்பினால் இரண்டு ரூபாயாகத் திரும்பி வரும், அப்படிச் சரிபார்த்த பிறகு முழுத் தொகையும் வரும் என்றார். அனுப்பினேன், இரண்டு ரூபாய் வந்தது. பிறகு ஒரு க்யூஆர் அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் யூபிஐ பின் நம்பரைப் போடச் சொன்னார்.

விரல் அங்கே நின்றுவிட்டது. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருபோதும் வேண்டியதில்லை. அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. மூன்று அறைக்கு விலையே பேசவில்லை. வெந்நீர் வருமா என்று கேட்கவும் இல்லை. மலைக்குக் குடும்பத்தோடு வருகிறவர் வெந்நீரைக் கேட்காமல் எப்படி இருப்பார்?

இன்னொரு வகையும் உண்டு. 2,000 அனுப்ப வேண்டியவர் 20,000 அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் போட்டு, "ஒரு சைபர் கூடப் போயிடுச்சு, 18,000 திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று அவசரப்படுத்துவார். வங்கிச் செயலியைத் திறந்து வரவைக் கண்ணால் பார்க்கும்வரை எதுவும் செய்யாதீர்கள். எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம், அதையும் போலியாக அனுப்புகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணைக் கூப்பிடுங்கள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை யூபிஐயில் 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு ஒரு வழி அடைபட்டது, க்யூஆர் வழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

பணம் வந்தபிறகு

அட்வான்ஸ் வந்ததும் ஒரு ரசீது அனுப்புகிறேன். வந்த தொகை, யூபிஐ பரிவர்த்தனை எண், மீதி எவ்வளவு, மேப் இணைப்பு. அதோடு நீலகிரிக்கு இன்னொன்று சேர வேண்டும்: இ-பாஸ், அதாவது வண்டியில் மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதி.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அறையை வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி பாஸுக்கு உட்கார்ந்து, கிடைக்காமல், குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலிருந்து எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? இப்போது சீசனில் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் பாஸ், பிறகு அட்வான்ஸ். படிவத்தில் எழுத வசதியாக எங்கள் முகவரியைத் தனிச் செய்தியாக அனுப்பிவிடுவேன், அப்படியே நகல் எடுத்துப் போடலாம். அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், பலருக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை என்பதையும் அதே செய்தியில் போடுங்கள்.

வருகிறவர்களின் ஆதாரை வாட்ஸ்அப்பில் வாங்கிக் குவிக்காதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை அரசுத் தளத்திலேயே எடுக்கலாம், அதைக் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

நாம் வாங்குவதும் இப்போது அதே போனில்தான். மெத்தை விரிப்பு கரூரிலிருந்து வருகிறது. வீடியோ காலில் துணியைக் காட்டுவார்கள், ஆனால் நெசவின் கனம் வீடியோவில் தெரியாது. முதலில் இரண்டை மட்டும் வரவழைத்து, பத்துத் தடவை வெளுத்துப் பார்த்துவிட்டுத்தான் இருபதுக்கு ஆர்டர் போடுவேன். பிளாஸ்டிக் தடைக்காக வாங்கிய கண்ணாடித் தண்ணீர் பாட்டில்கள் ஆளுயரத்துக்குக் குமிழ் பிளாஸ்டிக் சுற்றி வந்தன, அது வேறு கதை.

கடைசியாக, நெட்வொர்க். காற்றும் மழையும் அடித்தால் எங்கள் பக்கம் கரண்டும் போகும், டவரும் போகும். அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, போனில் இருக்கும் அடுத்த ஏழு நாள் புக்கிங்கை நோட்டில் எழுதிவைக்கிறேன்: பெயர், போன் நம்பர், அட்வான்ஸ், எந்த அறை, எத்தனை மணிக்கு வருகிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் இதே சாலையில் அறை வைத்திருக்கும் மூன்று வீட்டுக்காரர்களின் நம்பரும் இருக்கும். அவர்கள் நோட்டில் என் நம்பர் இருக்கிறது.